கண்மாய்க்குப் பணம் எந்த வழியில் வரும்?

வாசகர் கேள்வி – பதில்

மாறிவரும் மழையையும் வெயிலையும் கடலையும் தாங்கி நிற்க உங்கள் ஊருக்கு என்ன தேவை என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. செய்ய வேண்டிய வேலை ஊருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கான பணத்தையும் பொறியாளரையும் எங்கே தேடுவது என்பதுதான் தெரியவில்லை. ஆறு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் கண்மாய் தூர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இரண்டு போகம் விளைந்த வயல்களில் இப்போது ஒரு போகத்துக்கே தண்ணீர் போதவில்லை. மழை நான்கு நாளில் கொட்டித் தீர்க்கிறது. பிறகு இரண்டு மாதம் எட்டிப் பார்ப்பதில்லை. 'காலநிலை நிதி' என்று நாளிதழ்களில் படிக்கிறோம். எங்கள் கண்மாய்க்கு அதில் பங்கு கிடைக்குமா? யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும்?
— ஒரு விவசாயி, மானாமதுரை வட்டம்

பதில்: 'காலநிலை நிதி' என்று பலகை மாட்டிய அலுவலகம் எந்த மாவட்டத் தலைநகரிலும் கிடையாது. உங்கள் கண்மாய்க்கு வரக்கூடிய பணம் ஏரிப் புனரமைப்பு, நிதிக்குழு மானியம், பேரிடர் தணிப்பு, பாசன நவீனமயம் என்று பல பெயர்களில், பல துறைகளின் கணக்கில் இருக்கிறது. ஆகவே பணத்தைத் தேடுவதற்கு முன் கண்மாய் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஆயக்கட்டு, அதாவது அது பாசனம் செய்யும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேரோ அதற்கு மேலோ, அதாவது ஏறத்தாழ 100 ஏக்கரோ அதற்கு மேலோ இருந்தால் அது நீர்வளத்துறையைச் சேர்ந்தது; அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. ஊரில் இன்றும் 'பி.டபிள்யூ.டி. கண்மாய்' (நீர்வளத்துறை முன்பு பொதுப்பணித்துறைக்குள் இருந்தது), 'யூனியன் கண்மாய்' என்றே பிரித்துச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் உள்ள ஏறத்தாழ 39,000 ஏரி, குளம், கண்மாய்களில் பாதிக்கு மேற்பட்டவை யூனியன் கண்மாய்களே. இந்தப் பிரிவினை தெரியாமல் தவறான அலுவலகத்தில் கொடுத்த மனுக்கள், ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு 'தக்க நடவடிக்கைக்காக' அனுப்பப்பட்டே ஆண்டுகள் கழிவதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

நீர்வளத்துறைக் கண்மாயாக இருந்தால், ஊராரே கூடிக் கண்மாயைப் பழுதுபார்க்கும் பழைய வழக்கத்தைப் புதுப்பித்த குடிமராமத்துத் திட்டம் ஒரு முன்னுதாரணம். 2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் தொடங்கிய அத்திட்டத்தின் முதற்கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுக்கப்பட்டன. மதிப்பீட்டில் 10 விழுக்காட்டை விவசாயிகள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. இதைத் தவிர, உலக வங்கியின் 31.8 கோடி டாலர் கடனில் நடந்த பாசன வேளாண்மை நவீனமயத் திட்டம் ஒன்றும் உண்டு; ஏறத்தாழ 4,800 ஏரிகளையும் 477 அணைக்கட்டுகளையும் சீர்செய்வது அதன் இலக்கு. உங்கள் துணை வடிநிலம் (உங்கள் கண்மாய் அமைந்த கிளையாற்றுப் பகுதி) அதில் இடம்பெற்றதா, உங்கள் கண்மாயில் அப்போது என்ன வேலை நடந்ததாகக் கணக்கு இருக்கிறது என்பதைப் பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே புதிய மனுவை எழுதுங்கள். ஏற்கெனவே பணி முடிந்ததாகப் பதிவான கண்மாய்க்கு உடனடியாக மறுபடியும் ஒதுக்கீடு கிடைப்பது கடினம்.

ஆனால் மனுவில் என்ன கேட்பது என்பதுதான் இதைவிடப் பெரிய கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன், உங்கள் பக்கத்து ஊர் ஒன்றில், கண்மாய் நீரை வயல்களுக்குத் திறந்துவிடும் வயதான நீர்பாய்ச்சி ஒருவருடன் வரத்துக் கால்வாய் நெடுகிலும் நடந்தேன். அதற்கு முந்தைய கோடையில்தான் அங்கே இயந்திரம் வைத்துக் கண்மாயை ஆழமாகத் தூர்வாரியிருந்தார்கள். அடுத்து வந்த ஐப்பசி மழையில் பக்கத்துக் கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் பாய்ந்தபோதும் இந்தக் கண்மாயில் கணுக்கால் அளவுக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. காரணம், இரண்டு கிலோமீட்டர் தொலைவில் சாலையைக் கடக்கும் இடத்தில் பதித்திருந்த குழாய். பெரியவர் கால்வாய்க்குள் இறங்கி, குழாயின் வாய்க்கு எதிரே நின்று, தன் முழங்காலைக் காட்டினார். குழாயின் அடிமட்டம் கால்வாய்த் தரையைவிட அந்த அளவுக்கு மேலே இருந்தது. தண்ணீர் முழங்கால் உயரத்துக்குத் தேங்கிய பிறகுதான் ஒரு சொட்டாவது மறுபக்கம் போகும். அதற்குள் அது பக்கத்துத் தரிசில் பரவி வடிந்துவிடும். ஊர் கேட்டதும் தூர்வாரும் பணம், அரசு கொடுத்ததும் தூர்வாரும் பணம். தேவைப்பட்டதோ ஒரு குழாயைப் பெயர்த்து இறக்கிப் பதிக்கும் வேலை.

இதனால்தான், பணத்துக்கு முன் அளவு வேண்டும் என்று இந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப எழுதிவருகிறேன். வரத்துக் கால்வாயின் தொடக்கத்திலிருந்து கண்மாய் வரை மட்டக் கருவி கொண்டு எடுத்த அளவுகள், அடைப்பு உள்ள இடங்களின் புல எண்கள், மடைகளின் நிலை, கரையில் கசிவு உள்ள இடம், மிகைநீர் வழிந்தோடும் கலுங்கின் நீளம் ஆகியவை இரண்டு பக்கத்தில் இருந்தால், எந்தத் துறையின் எந்தத் திட்டத்திலும் அதைச் செருக முடியும். அது இல்லாத மனுவுக்கு வரக்கூடிய ஒரே பதில், எளிதாக மதிப்பீடு போடக்கூடிய தூர்வாரல்தான்.

வண்டலுக்காக மட்டும் என்றால் அரசுப் பணத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். வயலுக்கு வண்டல் மண் எடுத்துக்கொள்ள வட்டாட்சியரிடம் இணையவழியே விண்ணப்பித்துக் கட்டணமின்றி அனுமதி பெறலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர் என்பது விதித்த அளவு. கரையின் அடிவாரத்தை ஒட்டி மட்டும் யாரையும் தோண்ட விடாதீர்கள். அங்கே பறிக்கும் ஒவ்வொரு வண்டி மண்ணும் கரையின் பலத்தைக் குறைக்கிறது.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் குளத்தின் கரை உடைந்தது. மணல் மூட்டை அடுக்கி அடைத்தார்கள். குடும்பங்களுக்கு நிவாரணமும் கிடைத்தது. ஆனால் கரை இன்றும் அந்த மூட்டைகளின் தயவில்தான் நிற்கிறது. உடைந்த பிறகு வரும் பணம், உடையாமல் இருப்பதற்கு ஏன் முன்கூட்டியே வருவதில்லை?
— ஓர் ஆசிரியை, ஸ்ரீவைகுண்டம் வட்டம்

பதில்: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது. எந்தக் குளத்தையும் அந்த மழைக்கு ஈடுகொடுக்கும்படி கட்டியிருக்க மாட்டார்கள் என்பது உண்மையே. இருந்தாலும் உங்கள் கேள்வி நியாயமானது. நெடுங்காலமாக நம் நாட்டில் பேரிடர் நிதி என்றாலே நிவாரண நிதிதான். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் தணிப்பு நிதி என்ற ஒன்றையும் உருவாக்கச் சொன்னது. ஆனால் மத்திய, மாநில அரசுகளிடையே நிதியைப் பங்கிடும் முறையைச் சொல்லும் 15-வது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பரிந்துரை செய்த பிறகுதான் மாநிலங்களின் கையில் அதற்கென்று தனித்தொகை வந்தது. மாநிலங்களுக்கென ஒதுக்கிய மொத்தம் 1,60,153 கோடி ரூபாயில் 80 விழுக்காடு நிவாரணம், மீட்பு, மறுகட்டுமானம் போன்றவற்றுக்கு. 20 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 32,000 கோடி, பேரிடர் வருமுன் ஆபத்தைக் குறைக்கும் பணிகளுக்கு.

இந்த 20 விழுக்காட்டைப் பற்றி நிதிக்குழு எழுதிய ஒரு கருத்தை நம் ஊர்கள் அறிந்திருக்க வேண்டும். தணிப்பு நிதியை உள்ளூர் அளவிலான, மக்கள் பங்கேற்கும் சிறு பணிகளுக்கே பயன்படுத்த வேண்டும் என்றும், கடற்சுவர் போன்ற பெரும் கட்டுமானங்களை வழக்கமான வளர்ச்சித் திட்டங்களில் செய்துகொள்ள வேண்டும் என்றும் அது கூறியிருக்கிறது. ஒரு குளத்துக் கரையும் கலுங்கும் இந்த விளக்கத்துக்குள் அடங்கும் என்பதே என் கருத்து. ஆயினும் செய்திகளில் நாம் காண்பது பெருநகரங்களின் பெருந்தொகைகளையே. சென்னை வடிநில வெள்ளத் தணிப்புக்கு 2023 டிசம்பரில் 561 கோடி ரூபாய்த் திட்டம் தேசியத் தணிப்பு நிதியின் வழியே ஒப்புதல் பெற்றது. சென்னைக்கு அது தேவைதான். தாமிரபரணிக் கரைக் குளங்களுக்கும் அதே வாதம் பொருந்தும் என்பதை எழுதிக் கேட்கத்தான் ஆள் இல்லை.

கேட்க வேண்டிய இடம் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம். மாவட்ட ஆட்சியரே அதன் தலைவர். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் நீர்வளத்துறை, வருவாய்த்துறை, வேளாண்துறை அலுவலர்கள் ஒரே அறையில் இருப்பார்கள் என்பதால், அங்கே கொடுப்பது நல்லது.

கேட்கும்போது உங்கள் குளத்தை மட்டும் தனியாகக் கேட்காதீர்கள். உங்கள் பகுதிக் குளங்கள் ஒன்றன் மறுகால் அடுத்ததன் வரத்தாக அமைந்த தொடர்ச்சி. மேல்குளம் உடைந்தால் அதன் மொத்த நீரும் ஒரே மணி நேரத்தில் கீழ்க்குளத்தின் மேல் வந்து விழும். அப்படி விழுந்தபின் கீழ்க்குளத்தின் கரை எவ்வளவு பலமாக இருந்தும் பயனில்லை. எனவே மேல்குளம் முதல் கடைசிக் குளம் வரை எல்லா ஊர்களும் கையெழுத்திட்ட ஒரே கோரிக்கையாக அது போக வேண்டும். கலுங்கின் நீளத்தை மறுபடி கணக்கிடும்படியும் அதில் கேளுங்கள். நம் ஏரிகளின் கலுங்குகளுக்கு வெள்ள அளவைக் கணக்கிடப் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்தும் ரைவ்ஸ் சூத்திரம், பழைய சென்னை மாகாணத்துக்காக 19-ஆம் நூற்றாண்டில் வகுத்தது. நீர்ப்பிடிப்புப் பரப்பை மட்டும் வைத்து வெள்ளத்தை மதிப்பிடுவது அது. அண்மை ஆண்டுகளின் மழைப் பதிவையும் சேர்த்துப் பார்த்து மறுமதிப்பீடு செய்ய வேண்டிய காலம் இது.

இன்னொரு சிறு செய்தி. மார்கழி, தை மாதங்களில் கூடுதலாக ஒரு சாண் தண்ணீர் நிறுத்துவதற்காகக் கலுங்குக் கற்களுக்கு இடையே பலகை செருகுவது பழைய முறை. பலகை காணாமல்போன ஊர்களில் மண்மூட்டை அடுக்குகிறார்கள். பலகையை ஒரு நிமிடத்தில் உருவிவிடலாம். ஊறி இறுகிய மண்மூட்டையை நள்ளிரவு வெள்ளத்தில் யாராலும் அகற்ற முடியாது. உங்கள் மறுகாலில் மூட்டை இருந்தால் ஐப்பசிக்கு முன் அதை அகற்றச் சொல்லுங்கள். இதற்கு எந்த நிதியும் தேவையில்லை.

கேள்வி: காலநிலைத் தகவமைப்பு என்ற பெயரிலேயே மத்திய அரசு நேரடியாகப் பணம் கொடுத்துத் தமிழ்நாட்டில் ஏதாவது வேலை நடந்திருக்கிறதா?
— ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: நடந்திருக்கிறது, நீங்கள் தூத்துக்குடியில் போய்க் கேட்டால் மீனவர்களே சொல்வார்கள். 2015-16-இல் மத்திய அரசு தேசியத் தகவமைப்பு நிதி ஒன்றை ஏற்படுத்தி, அதைச் செயல்படுத்தும் பொறுப்பை நபார்டு வங்கியிடம் கொடுத்தது. மன்னார் வளைகுடாவின் கடலோர வாழிடங்களை மீட்கும் திட்டத்துக்கு அதிலிருந்து ஏறத்தாழ 25 கோடி ரூபாய் ஒப்புதல் ஆனது. வளைகுடாவில் உள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டும் முன்பே கடலுக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு அருகே உள்ள வான் தீவும், சுற்றியிருந்த பவளப்பாறைகளைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்க அரண் இல்லாமல், 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கி மூழ்கும் நிலையில் இருந்தது. துளைகள் கொண்ட கான்கிரீட் செயற்கைப் பாறைகளைத் தீவுக்கு முன் கடலடியில் வரிசையாக இறக்கினார்கள். அலையின் வேகம் அவற்றில் மோதிக் குறைந்து, அரிப்பு நின்று, மணல் மறுபடி சேரத் தொடங்கியது. அந்தத் துளைகளில் மீன்கள் அடைந்தன. பாறைகளின் மேல் பவளமும் பற்றியது.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது தொகையை அல்ல. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் அந்தத் தீவுகளின் அடிக்கடலில் பல ஆண்டுகளாகப் பவளப்பாறைகளைக் கணக்கெடுத்து வைத்திருந்தது. நிதி அறிவிப்பு வந்தபோது, எந்தத் தீவு, எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்ற கேள்விகளுக்கு விடை தயாராக இருந்தது. பக்கத்திலேயே புதுச்சேரியும் அதே நிதியில் 20 ஏரிகளையும் 32 ஊர்க் குளங்களையும் புதுப்பிக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் பெற்றது. உங்கள் ஊர்க் கண்மாயும் இத்தகைய நிதிக்கு உரியதுதான் என்பதற்கு அதுவே சான்று.

நாடு முழுவதும் 30 திட்டங்களுக்கு ஒப்புதல் தந்த அந்த நிதி 2022 நவம்பருக்குப் பிறகு தனித்திட்டமாகத் தொடரவில்லை. எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு தன் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் காலநிலை இயக்கம் என்ற அமைப்பை ஏற்படுத்தி, மாவட்ட வன அலுவலரை அதன் காலநிலை அலுவலராக ஆக்கியது. கடற்கரை மாவட்டங்களுக்கு உலக வங்கி உதவியுடன் 1,675 கோடி ரூபாய் மதிப்பில் நெய்தல் மீட்சி இயக்கமும் வந்திருக்கிறது. மன்னார் வளைகுடாவைப் பற்றி ஆய்வு செய்ய விரும்பினால், உங்கள் கல்லூரியிலிருந்தே தொடங்க இது நல்ல வேளை.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவினர் அலையாத்திச் செடிகள் நட விரும்புகிறோம். கஜா புயலில் காடு பெரிதும் சேதமடைந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். நாற்றுக்கும் நடவுக்கும் அரசு பணம் தருமா?
— ஒரு சுய உதவிக் குழுத் தலைவி, முத்துப்பேட்டை

பதில்: தரும், ஆனால் நாற்றுக்குப் பணம் கேட்பதை அடுத்த கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் காடு அழிந்த வரலாறு, நீங்கள் எங்கே தொடங்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஒரு காலத்தில் அலையாத்திக் காட்டைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டி விற்றார்கள். மரம் போன இடத்தில் வெயில் நேராக மண்ணில் பட்டு, ஈரம் வற்றி, தரை அமிழ்ந்து பள்ளமானது. பெரிய ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், உள்ளே வரும் கடல்நீர் அந்தப் பள்ளத்தில் தங்கி, வெளியேற வழியின்றிக் காய்ந்து, உப்பேறியது. அந்த உப்பில் எந்த நாற்றும் நிற்காது. ஆயிரம் செடி நட்டால் ஆயிரமும் கருகும்.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து கண்ட வழி, மீன்முள் வடிவக் கால்வாய். நடுவே ஒரு பெரிய கால்வாய், இருபுறமும் சாய்வாகக் கிளைக்கும் சிறு வாய்க்கால்கள் என்று வெட்டி, ஓதநீர் நாளும் வந்து திரும்பும்படி செய்தார்கள். உப்பு கரைந்து வெளியேறியது. வாய்க்காலின் சரிவில், நீர் தொட்டுப் போகும் மட்டத்தில், வெண்கண்டல் விதைகளை ஊன்றினார்கள். சரிவில் ஒரு சாண் மேலே போனால் காய்ந்துவிடும், ஒரு சாண் கீழே போனால் அழுகிவிடும். அந்த மட்டத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் அங்கே இறால் பிடிக்கப் போகும் பெண்களும் ஆண்களும்தான்; உங்கள் குழுவின் அறிவு பயன்பட வேண்டிய இடம் அதுவே.

முத்துப்பேட்டையின் அலையாத்திப் பகுதி பெரும்பாலும் காப்புக்காடு என்பதால், வனத்துறையின் அனுமதியும் கூட்டும் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது. 2023 ஜூன் 5-ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய 'மிஷ்டி' அலையாத்தித் திட்டம், ஐந்தாண்டுகளில் நாடு முழுவதும் ஏறத்தாழ 540 சதுர கிலோமீட்டர் பரப்பைக் குறிவைக்கிறது. மேலே சொன்ன நெய்தல் மீட்சி இயக்கமும் இருக்கிறது. வனச்சரக அலுவலரிடம் போகும்போது, நடவுக்கூலியோடு நின்றுவிடாமல், கால்வாயில் படியும் சேற்றை ஆண்டுதோறும் எடுக்கும் பணியை உங்கள் குழுவுக்குத் தரும்படி எழுதிக் கேளுங்கள். அந்த வாய்க்கால்கள் சில ஆண்டுகளிலேயே தூர்ந்துவிடும். நடவு முடிந்த நாளில் படம் எடுத்துக்கொண்டு எல்லாரும் போய்விட்ட இடங்களில் காடு மறுபடி காய்ந்திருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் தலைவரின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருக்கிறார். அளவு எடுங்கள் என்று எழுதுகிறீர்கள். பொறியாளர் வைத்து அளக்க எங்களிடம் பணம் ஏது? ஊராட்சிக்கு வரும் நிதிக்குழு மானியத்தை ஊருணிக்குப் பயன்படுத்த முடியுமா?
— ஓர் இளைஞர், பரமக்குடி வட்டம்

பதில்: முடியும். 2021 முதல் 2026 வரையிலான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு இன்னதற்கென்று வரையறுக்கப்பட்டிருந்தது. அதில் பாதி துப்புரவுக்கு. மறுபாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. ஊரின் குடிநீர்க் குளமான ஊருணி இந்த இரண்டாவது பாதியில் தாராளமாக அடங்கியது. மீதி 40 விழுக்காட்டைச் சம்பளம், நிர்வாகச் செலவு நீங்கலாக ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம் என்றிருந்தது. அடுத்த நிதிக்குழுக்களின் காலத்தில் விகிதம் மாறினாலும், வேலை ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை நிற்கும். அடுத்த ஆண்டுக்கான திட்டத்தைத் தயாரிக்கும் வேலை அக்டோபர் 2-ஆம் நாள் கிராமசபையோடு தொடங்குகிறது. தனி அலுவலர் இருக்கும் ஊராட்சியிலும் கிராமசபை கூட்டப்படும். தீர்மானம் எழுதும் உரிமை மக்களிடமே இருக்கிறது. உங்கள் ஊராட்சி என்ன திட்டமிட்டது, என்ன செலவிட்டது என்பதை 'இ-கிராம் ஸ்வராஜ்' இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அளவு எடுப்பதற்கு நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பணம் தேவைப்படாது. நில அளவைப் புலப்படமும் புல எண்வாரியாக நில விவரம் தரும் அ-பதிவேடும் அரசு இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றை அச்செடுத்து, ஊருணிக்கு வரும் ஓடைகளின் புல எண்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள பொறியியல் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ சிவில் பிரிவு மாணவர்களுக்கு நில அளவை ஒரு பாடம். மட்டக் கருவியும் அங்கே இருக்கும். துறைத்தலைவருக்குக் கடிதம் எழுதினால், கல்லூரி மைதானத்தில் எடுக்கும் பயிற்சியை உங்கள் ஓடையில் எடுக்க அவர்களுக்குத் தயக்கம் இருக்காது. பயிர் மாற்றம், மண், மழைத் தரவு பற்றி மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேளுங்கள். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை 1990-களிலிருந்து கண்மாய் விவசாயிகளை 'வயலகம்' என்ற பெயரில் சங்கமாகச் சேர்த்து வேலை செய்துவருகிறது. இராமநாதபுரம் மாவட்டத்து ஊருணிகளில் அவர்களுக்கு நல்ல அனுபவம் உண்டு. கடைசியாக, ஒன்றியப் பொறியாளர் இந்த அளவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டால்தான் அது மதிப்பீடாகும். வெறுங்கையோடு போய் 'வந்து பாருங்கள்' என்று கேட்பவர்களைவிட, அளவோடு போய் 'சரிபாருங்கள்' என்று கேட்பவர்களுக்கு அவர் விரைவில் நேரம் ஒதுக்குவார். பல ஊராட்சிகளைச் சுமக்கும் அந்த ஒரு பொறியாளரின் வேலைப்பளுவை நேரில் பார்த்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஊரிலும் வெளிநாட்டிலும் உள்ளவர்கள் மூன்றில் ஒரு பங்கு தொகை திரட்ட முடிந்தால், 'நமக்கு நாமே' திட்டத்தில் மீதியை அரசு தரும் வழியும் இருக்கிறது.

கேள்வி: எங்கள் கண்மாயில் சில ஆண்டுகளுக்கு முன் புனரமைப்பு நடந்தது. மடைக்கு வைத்த கதவு இரண்டாம் ஆண்டே துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டது. கரையில் சீமைக்கருவேலம் மறுபடி மண்டிவிட்டது. விவசாயிகள் பங்கு 10 விழுக்காடு என்றார்கள். அதை யார் கட்டினார்கள் என்பதே எங்களுக்குத் தெரியாது. இப்படி இருக்க, மறுபடி மறுபடி நிதி கேட்பதில் என்ன பயன்?
— ஒரு பாசன சங்க உறுப்பினர், மேலூர் வட்டம்

பதில்: உங்கள் மனவேதனை எனக்குப் புரிகிறது, இதே செய்தியுடன் வேறு ஐந்து கடிதங்கள் மேசையில் இருக்கின்றன. விவசாயிகளின் பங்கை ஒப்பந்தக்காரரே செலுத்திவிட்டால், வேலையைக் கேள்வி கேட்கும் உரிமையும் விவசாயியின் கையைவிட்டுப் போய்விடுகிறது. அந்த 10 விழுக்காட்டை வைத்ததன் நோக்கமே அந்த உரிமைதான். பங்குப்பணம் கட்டிய ரசீது, ஒப்புதல் பெற்ற மதிப்பீடு, செய்த வேலையை அளந்து எழுதிய அளவுப் புத்தகம் ஆகிய மூன்றின் நகல்களையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்குங்கள். அளவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் நீளத்தையும் உயரத்தையும் கரையில் நாடா பிடித்துப் பார்த்தால், மேற்கொண்டு எங்கே முறையிட வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கும்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, நம் நிதி அமைப்பிலேயே ஒரு குறை இருக்கிறது. புதிதாகக் கட்டப் பணம் இருக்கிறது. கட்டியதைக் காக்க மிகக் குறைவு. நூறு நாள் வேலை 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்த காலத்தில் பொருட்செலவு 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றிருந்ததால், கண்மாய்க்கு மண்வேலை கிடைத்தது, மடைக்கதவு கிடைக்கவில்லை. இயந்திரம் வைத்துச் செய்த திட்டங்களிலோ மடைக்கதவு கிடைத்தது, அதற்கு ஆண்டுதோறும் மசகு போட ஆள் கிடைக்கவில்லை. முற்காலத்தில் நீர்பாய்ச்சிக்கு அறுவடையில் களத்து நெல் அளந்து கொடுத்தார்கள். கரையில் எலி வளை விழுந்ததா, மடையில் கசிவு கண்டதா என்று அன்றாடம் பார்க்கும் ஒரு மனிதனுக்கு ஊரே கொடுத்த சம்பளம் அது. அந்த நெல் நின்றபோது அந்தக் கண்காணிப்பும் நின்றது.

இன்றைக்கும் கண்மாய்க்குச் சொந்த வருமானம் இருக்கிறது. மீன்பாசிக் குத்தகையும் கரையோர மரங்களின் ஏலமும் ஆண்டுதோறும் நடக்கின்றன; அந்தப் பணம் பொதுக்கணக்கில் சேர்ந்து வேறு செலவுகளுக்குப் போய்விடுகிறது. அதில் ஒரு பங்கைக் கண்மாயின் பெயரில் தனிக்கணக்காக வைத்து, நீர்பாய்ச்சியின் மாதச் சம்பளத்துக்கும் மடை, கலுங்குச் சிறுபழுதுக்கும் செலவிட வேண்டும் என்று கிராமசபையில் தீர்மானம் போட்டு அரசிடம் கேட்கலாம். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ஆம் நாளும் தமிழ்நாட்டில் கிராமசபை கூடுகிறது. அப்போது கண்மாய் பெரும்பாலும் வற்றியிருக்கும். கூட்டம் முடிந்த கையோடு எல்லாரும் மடைவரை நடந்து போய், அந்தத் துருப்பிடித்த கதவைப் பார்த்துவிட்டு வந்து தீர்மானத்தில் கையெழுத்திடுங்கள்.